முதல் மலையேற்றம்: மாணவர் குழுக்கள் செய்யும் தவறுகள்

வகுப்புத் தோழர்கள் சேர்ந்து முதல்முறையாக ஒரு மலைக்குப் போகத் திட்டமிடும்போது எந்த வண்டி, ஆளுக்கு எவ்வளவு செலவு, எங்கே சாப்பாடு என்பதையெல்லாம் பல நாள் பேசி முடிவு செய்கிறார்கள். குழுவின் கடைசியில் யார் நடப்பது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. மாணவனாகவும் பின்னர் மாணவர்களை அழைத்துச் சென்றவனாகவும் நான் கண்ட இக்கட்டுகளில் பெரும்பாலானவை, பேசாமல் விட்ட அந்த ஒரு விஷயத்திலிருந்தே தொடங்கியிருக்கின்றன. கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் தொடங்கும் வெள்ளியங்கிரி மலையை வைத்தே இதை விளக்குகிறேன். தமிழ்நாட்டு மாணவர்களில் பலருக்கு முதல் மலையேற்றம் அதுவாகத்தான் இருக்கிறது. முதன்முறை ஏறுகிறவர்கள் செய்யக்கூடிய எல்லாத் தவறுகளுக்கும் அந்த ஏழு மலைகளில் இடம் இருக்கிறது.

நாங்கள் பதினான்கு பேர் ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு பத்து மணிக்கு அங்கே ஏறத் தொடங்கினோம். முதல் மலை முழுவதும் செங்குத்தான கற்படிகள். உடல் வலுவுள்ள ஐந்து பேர் உற்சாகத்தில் முன்னே போய்விட்டார்கள். எங்களில் ஒருவனுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு என்பது அவனுடைய அறைத்தோழனுக்கு மட்டும்தான் தெரியும். பாரம் குறையட்டும் என்ற நல்லெண்ணத்தில் அவனுடைய பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்னே போன ஐவரில் அந்த அறைத்தோழனும் ஒருவன். கைதட்டிச் சுனையைத் தாண்டிய சிறிது நேரத்தில் பின்னே வந்தவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பேச முயன்றபோது ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே நின்றான். இன்ஹேலர் எங்கே என்று கேட்டோம். அவன் கையை உயர்த்தி மேலே இருளைக் காட்டினான்.

யாருடைய செல்போனிலும் சிக்னல் இல்லை. இறங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “கண்ணு, அவனைப் படுக்க வெக்காதீங்க; உக்கார வெச்சு முன்னால சாய விடுங்க” என்று சொல்லி, தன் மூங்கில் தடியை அவன் கையில் கொடுத்து அதன்மேல் சாய்ந்துகொள்ளச் செய்தார். எங்களில் இருவர் மேலே ஓடினார்கள். பை வந்து சேர ஏறக்குறைய முக்கால் மணி நேரமானது. அவன் பிழைத்துக்கொண்டான். அந்த முக்கால் மணி நேரமும் நான் அவனுடைய முதுகில் கை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். மலையேற்றத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதியை அங்கேதான் கற்றேன்.

அந்த ஒரு நிகழ்ச்சியில் மூன்று தவறுகள் பின்னிக்கிடக்கின்றன. முதலாவது, குழு பிரிந்தது. வேகமாக நடப்பவர்கள் முன்னே போய் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்; பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் அவர்கள் ஓய்வு முடிந்து எழுந்துவிடுகிறார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைக்காமல் போவது இப்படித்தான். அவரும் வெட்கப்பட்டு, மூச்சு அடங்கும் முன்பே எழுந்து நடக்கிறார். மெதுவாக நடப்பவரை முன்வரிசையில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ நிறுத்தி, அவருடைய நடையையே குழுவின் நடையாகக் கொள்வதுதான் இதற்கு வழி. பாதை தெரிந்த ஒருவர் எல்லோருக்கும் முன்னே நடக்க வேண்டும். நிதானமும் உடல் வலுவும் உள்ள ஒருவர், என்ன நேர்ந்தாலும் தனக்குப் பின்னால் குழுவில் எவரும் இல்லை என்ற உறுதியோடு கடைசியில் வர வேண்டும். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் நகரக் கூடாது, நின்று தலையை எண்ண வேண்டும்.

இரண்டாவது, உடல்நிலையை மறைத்தது. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, சர்க்கரை நோய், தேனீ கொட்டினால் வரும் ஒவ்வாமை ஆகியவற்றைப் பற்றி நண்பர்கள் கூட்டத்தில் சொல்ல இளைஞர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. ஆகவே பொறுப்பேற்று அழைத்துச் செல்பவர், புறப்படும் முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் உண்மை வராது. வெள்ளியங்கிரியில் ஏறும்போது மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகள் பருவந்தோறும் வருகின்றன. ஆகவே நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், காரணமில்லாத வியர்வை ஆகியவற்றில் எது தோன்றினாலும், “கொஞ்ச தூரம்தான்டா மச்சான், வந்துடலாம்” என்று தைரியம் சொல்லி மேலே இழுப்பது நட்பாகாது. அவரை உட்கார வைத்து, உதவிக்கு ஆளனுப்பி, நிலைமை தெளிந்தபின் ஒருவருக்கு இருவராகத் துணையோடு கீழே அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, மருந்து இன்னொருவர் பையில் இருந்தது. பாரத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் அவரவர் மருந்து, தண்ணீர், டார்ச் லைட், ஒரு மேலாடை ஆகிய நான்கும் எப்போதும் அவரவர் உடம்போடு இருக்க வேண்டும்.

நேரக் கணக்கில் செய்யும் தவறு இதற்கு அடுத்தது. வெள்ளியங்கிரிப் பாதை ஒருவழிக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர்தான் என்று கேள்விப்பட்டதும், ஊரில் ஒன்றரை மணி நேரத்தில் நடக்கும் தூரம்தானே என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். மலையில் தூரத்தைவிட ஏற்றமே நேரத்தை விழுங்கும். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. தட்டையான தூரத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம் என்பது அவர் சொன்னது. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றமுள்ள இந்தப் பாதைக்கு அதன்படி குறைந்தது மூன்று மணி நேரமாவது ஆகும். அதுவும் மலை பழகியவர்கள் ஓய்வே எடுக்காமல் நடந்தால். முதன்முறை ஏறும் மாணவர் குழு ஐந்து அல்லது ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்வது இயல்பானதே. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எனவே இந்த நேரத்துக்குள் எட்டாவிட்டால் எந்த மலையில் இருந்தாலும் திரும்பிவிடுவோம் என்று ஒரு நேரத்தை அடிவாரத்திலேயே, எல்லோரும் கேட்கச் சொல்லி முடிவு செய்துகொள்ள வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தபின் அந்த முடிவை யாராலும் எடுக்க முடியாது. இரவில் ஏறுபவர்கள் காலை ஏழு மணியைத் தாண்டியும் மேலே போய்க்கொண்டிருந்தால், இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும். கையில் இருக்கும் தண்ணீரும் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். பகலில் ஏறுபவர்களுக்கு இருட்டுதான் எல்லை. அடர்ந்த காட்டுக்குள் சூரியன் மறைவதற்கு வெகு முன்பே வெளிச்சம் குன்றிவிடுவதால், ஆறு மணிவரை பார்வை தெரியும் என்று கணக்குப் போடக் கூடாது.

தூக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ இரவு முழுவதும் ரயிலில் பேசிக்கொண்டே வந்து, பகலில் ஊரைச் சுற்றிவிட்டு, அன்று இரவே புரோட்டாவை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மலையேறுகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு இரவுகள் தூங்காத கால் இறக்கத்தில்தான் தடுமாறும்.

உடையிலும் காலணியிலும் நேரும் தவறுகள் சிறியவை போலத் தோன்றினாலும் பயணத்தையே கெடுத்துவிடும். மலைக்கென்று வாங்கிய புதிய ஷூவை மலையிலேயே முதன்முதலாக அணிவது கொப்புளத்தை விலைக்கு வாங்குவதற்குச் சமம். குறைந்தது இரண்டு வாரமாவது அதை அணிந்து நடந்து பழக்கியிருக்க வேண்டும். குதிகாலில் சூடு தோன்றும்போதே நின்று பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ள வேண்டும். கூட்டம் போய்விடுமே என்று அரை மணி நேரம் பொறுத்துக்கொண்டால், பிறகு அந்தக் காலை வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், எளிதில் காயாது, தொடையை அறுக்கும்.

குளிரைப் பற்றிச் சமவெளி மாணவர்களுக்கு நம்பிக்கையே வருவதில்லை. ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கோவையில் வியர்த்துக்கொண்டிருந்த அதே ஏப்ரல் இரவில், காற்றைத் தடுக்க மரமில்லாத ஆறாவது மலையில் பல் கிட்டிப்போகும். ஏறும்போது சட்டை வியர்வையில் ஊறியிருக்கும். அதோடு அப்படியே உட்கார்ந்தால் உடற்சூடு மளமளவென்று இறங்கிவிடும். அந்த நிலையில் சிலர் விடியும் முன்பே ஆண்டிச் சுனையின் உறைகுளிர் நீரில் முழுகிவிட்டு, துவட்டத் துண்டோ மாற்று உடையோ இல்லாமல் காற்றில் நிற்கிறார்கள். பக்தியோடு முழுகுகிறவரைத் தடுக்க நான் யார்? பையில் காய்ந்த சட்டை ஒன்றை வைத்துக்கொண்டு முழுகுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாட்டம் ஆகியவை தெரிந்தால் ஈர உடையைக் களைந்து, காய்ந்ததைப் போர்த்தி, காற்றுப் படாத இடத்தில் உட்கார வைத்து, இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும்.

தண்ணீரைத் தாகம் எடுத்தபின் ஒரே மூச்சில் குடிப்பதைவிட, கால் மணிக்கொருமுறை இரண்டு மூன்று வாய் குடிப்பது உடம்புக்கு நல்லது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் வெறும் குளுக்கோஸ் தூளை வாயில் போட்டுக்கொள்வது போதாது. வியர்வையில் போன உப்பும் திரும்ப வேண்டும் என்பதால், உறையில் குறிப்பிட்ட அளவு தண்ணீரில் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுக்க வேண்டும்.

அனுமதி பெறுவதை ஏதோ அலுவலகச் சடங்கு என்று மாணவர்கள் எண்ணுவது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தரும் தவறு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் இளம் வயதினர். அதன் பிறகே, அதே ஆண்டில், தமிழ்நாட்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்திலேயே முன்பதிவு செய்து, அந்தந்தப் பகுதி வழிகாட்டிகளோடு போக முடிகிறது. காடு காய்ந்திருக்கும் மாதங்களில் பாதைகளை மூடினால் அதற்குக் காரணம் குரங்கணியைப் போன்ற ஒரு மதியம் மீண்டும் வரக் கூடாது என்பதுதான். வனத்துறைக்குத் தெரியாமல் ஊர்க்காரர் ஒருவர் காட்டிய குறுக்குப் பாதையில் போகிற குழு, தீப்பிடித்தாலும் வழி தவறினாலும் எங்கே இருக்கிறது என்று தேடுவோருக்குத் தெரியாது.

தீ சரிவில் கீழிருந்து மேலாக மிக விரைந்து ஏறும். கீழே எரியும் சுவாலை மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காய்ச்சிவிடுவதே காரணம். ஆகவே புகையைக் கண்டதும் காய்ந்த புல் நிறைந்த சரிவில் மேல்நோக்கி ஓடுவது ஆபத்தானது. பாறைப் பரப்பு, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து அடங்கிய நிலம் ஆகியவற்றை நோக்கிப் பக்கவாட்டில் விலக வேண்டும். கோடை மழைக் காலத்தில் பிற்பகல் இடி மின்னலும் இப்படியே முன்னறிவிப்போடுதான் வரும். மேகம் கறுத்து இடி கேட்டதும், திறந்த புல்வெளி முகட்டில் படம் எடுத்துக்கொண்டிருக்காமல் இறங்கத் தொடங்க வேண்டும், தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

பாட்டுப் பெட்டி வேண்டவே வேண்டாம். பூண்டி அடிவாரக் காடு யானைகள் நடமாடும் பகுதி. அங்கே கிளை முறியும் ஓசையைக் கேட்கக் காது திறந்திருக்க வேண்டும். செல்போன் டார்ச்சை நம்பி இரவில் ஏறுவதும் தவறு. நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு இருந்தால் இரண்டு கைகளும் ஓய்வாக இருக்கும், அவசரத்துக்கு 112ஐ அழைக்க செல்போனில் சார்ஜும் மிஞ்சும்.

உச்சியைத் தொட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்புதான் கடைசித் தவறு. அதுவரை ஒழுங்காக வந்த குழு இறக்கத்தில் சிதறிவிடுகிறது. பசியும் வண்டியைப் பிடிக்கும் அவசரமும் கால்களை விரட்டுகின்றன. ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடை முழுவதும் முழங்காலில் இறங்குகிறது. முதல் மலையின் கற்படிகளுக்கு வந்து சேரும்போது தொடைகள் தாமாகவே நடுங்குகின்றன. இறங்கத் தொடங்கும் முன் ஷூ நாடாவைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டினால் விரல் நுனி முன்னே இடித்து நகம் கறுக்காது. அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடியை ஒருபடி கீழே ஊன்றி, அதன்பின் காலை வைக்க வேண்டும். எங்கள் பதினான்கு பேரில் கடைசியாக இறங்கியவர்கள் ஆஸ்துமாக்காரனும் அவனுடைய அறைத்தோழனும்தான். இந்த முறை அவரவர் பை அவரவர் முதுகில் இருந்தது. நாங்கள் மற்ற பன்னிரண்டு பேரும் இருபது படிக்கு ஒருமுறை நின்று, திரும்பி, அவர்கள் தடி கல்லில் தட்டும் ஓசை கேட்ட பிறகே அடுத்த படியில் கால் வைத்தோம்.