கலப்புமுறைப் பாடங்களில் புதுப்பிக்கத்தக்க மதிப்பீட்டை நடத்தும் முறை

மாணவர் எழுதி, ஆசிரியர் மதிப்பெண் இட்டதும் எவருக்கும் பயனின்றிப் போகும் ஒப்படைப்புகளை அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் வைலி 2013-இல் கண்டித்து எழுதினார். பாடம் முடிந்த பின்னும் பிறருக்கு உதவி, அடுத்தடுத்த மாணவர்களால் திருத்தி வளர்க்கப்படும் பணியே புதுப்பிக்கத்தக்க மதிப்பீடு ஆகும். நேர்வகுப்பும் இணையவழிக் கற்றலும் கலந்த கலப்புமுறைப் பாடங்களில் அதை நடத்தும் முறையைக் கீழே காணலாம்.

பணியைப் பயன்படுத்தப் போகிறவர் யார் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மண்டபம், பாம்பன் பகுதியில் தாவரவியல் கற்பிப்பவர், கடற்பாசியைப் பற்றிப் பொதுவான கட்டுரை கேட்பதைவிட, கரையில் வழங்கும் பெயர்களை அறிவியல் பெயர்களோடு இணைக்கும் படக் கையேட்டைக் கேட்கலாம். மரிக்கொழுந்துப் பாசி ஜெலிடியெல்லா என்றும், கஞ்சிப்பாசி கிராசிலேரியா என்றும், இவை இரண்டிலிருந்தும் அகர் என்னும் கூழ்மப் பொருள் எடுக்கப்படுகிறது என்றும், கட்டைக்கோரை எனப்படும் சர்காசம், அல்ஜினேட் என்னும் கெட்டிப்படுத்தும் பொருளை எடுக்கப் பயன்படுகிறது என்றும் எழுதப்படும் குறிப்புகள் பள்ளி ஆசிரியருக்கும் உதவும்.

வரைவு, படம், பின்னூட்டம் ஆகியவற்றை மூடுல் என்னும் இணையக் கற்றல் தளத்திலோ கூகுள் ஆவணத்திலோ வைத்துக்கொண்டு, வகுப்பு நேரத்தைப் பாசி மாதிரிகளை ஒப்பிடவும் ஒருவர் வரைவை மற்றவர் திருத்தவும் ஒதுக்க வேண்டும். நேரில் செய்ய வேண்டியதை இணையத்துக்குத் தள்ளினால் மாதிரியைத் தொட்டுப் பார்க்காமலே கையேடு எழுதப்பட்டுவிடும்.

உரிமம் பற்றிய பேச்சில் அவசரம் கூடாது. படைப்பின் உரிமை மாணவருடையது. எனவே பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுவதா, பெயரோடா பெயரின்றியா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். வெளியிட மறுப்பவரும் அதே பணியைச் செய்து அதே மதிப்பெண் பெற வழி இருக்க வேண்டும். தகவல் தந்த பாசி எடுக்கும் பெண்களிடமும் ஒப்புதல் பெற வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் அடங்குவதால், அவர்கள் பாசி எடுக்கும் இடங்களை வெளியிடுவது அவர்களுக்கே தொல்லையாக முடியலாம். ஒப்புதல் கிடைத்தாலும் இடக்குறிப்பைத் தவிர்ப்பதே முறை என்பது என் கருத்து.

மதிப்பெண்ணில் கணிசமான பங்கைத் திருத்தங்களுக்குத் தர வேண்டும். எந்த வரி எப்போது மாறியது என்பதை ஆவணத்தின் திருத்த வரலாறே காட்டிவிடும்; ஏன் மாறியது என்பதை மாணவர் குறிப்பாக எழுத வேண்டும். அடுத்த ஆண்டு மாணவர்கள் முந்தைய கையேட்டில் பிழை கண்டு சான்றுடன் திருத்தினால், புதிய பதிவு எழுதியதற்கு இணையாக அதை மதிப்பிட வேண்டும்.

கோப்பு மாணவரின் சொந்தக் கணக்கில் இருந்தால் அவர் வெளியேறியதும் தொடர்பு அறுந்துவிடும். ஆகவே பருவம் முடியுமுன் அதைத் துறையின் பொதுக் கணக்குக்கு மாற்றி, திருத்தக்கூடிய வடிவிலேயே சேமித்து வைக்க வேண்டும்.