பிர்ஃபெனிடோன் போட்டால் குமட்டுகிறதா?
நுரையீரல் தழும்பு நோய்க்குப் பிர்ஃபெனிடோன் எடுப்பவர்கள், ஒரு வேளைக்கான மூன்று மாத்திரைகளையும் மொத்தமாக விழுங்காமல், சாப்பாட்டின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று போட்டுப் பாருங்கள். வயிற்றில் உணவு இருந்தால் மருந்து ரத்தத்தில் மெதுவாக ஏறும். அதன் உச்ச அளவு குறைவதால் குமட்டலும் தலைசுற்றலும் பலருக்குத் தணிகின்றன. காபியும் பிஸ்கட்டும் போதாது, இட்லியோ சோறோ ஒழுங்கான சாப்பாடாக இருக்கட்டும்.

ஒரு வேளைக்கு ஒரே பெரிய மாத்திரை என்றால் இந்த வழி கிடையாது. அதை உடைக்க வேண்டாம், சாப்பாட்டோடு போட்டால் சரி. இதே நோய்க்குத் தரப்படும் இன்னொரு மருந்தான நின்டெடானிப் வேறு கதை: அதையும் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், ஆனால் அதில் பெரிய தொல்லை வயிற்றுப்போக்கு. வாந்தி நிற்காவிட்டாலோ, கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கருத்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.