மலைநாட்டு மழையில் தனியாள் கூடாரம் அடிக்கும் முறை

ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள தனியாள் கூடாரம் மழை தாங்குமா என்றால், தாங்கும். ஆனால் கடையிலிருந்து கொண்டுவந்தபடியே அடித்தால் தாங்காது. என்னுடையது சிலிக்கன் பூசிய நைலோன் துணியாலானது; மலையேறும் கோல் ஒன்றே அதற்கு நடுத்தூண். பதுளை மாவட்டத்து இதல்கசின்னைக்கு மேலுள்ள முகட்டில், தென்மேல் பருவக்காற்று வீசும் யூலை மாதத்தில் இரண்டு இரவுகள் நனைந்த பிறகே இந்த ஒழுங்கு எனக்குப் பிடிபட்டது.

முதல் வேலையை வீட்டிலேயே முடிக்க வேண்டும். இவ்வகைக் கூடாரங்கள் பலவற்றின் தையல்கள் அடைக்கப்படாமலே வரும். ஹாட்வெயார் கடையில் விற்கும் நிறமற்ற சிலிக்கன் பசையை டர்பன்டைனில் தளரக் கரைத்து, தூரிகையால் தையல் நெடுகப் பூசி, ஒரு நாள் காயவிடுங்கள். யூரித்தேன் பசை சிலிக்கன் துணியில் பிடிக்காமல் தோலாக உரிந்துவிடும்; என் முதற் குப்பி அப்படித்தான் வீணாயிற்று.

அடுத்து இடம். தேயிலைச் சரிவில் சமதரையாகத் தெரிவது பல வேளைகளில் கானின், அதாவது மழைநீர் வடிய வெட்டிய வடிகாலின், ஓரமாக இருக்கும். காய்ந்து கிடக்கும் கான் மழை பிடித்ததும் வாய்க்காலாகிவிடும். கவ்வாத்து வெட்டிய மலையென்றால், புல்லுக்குள் மறைந்திருக்கும் மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் கிளை) முனைகள் அடித்துணியைக் குத்தாதபடி கையால் தடவிப் பாருங்கள். தோட்டத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்துள்ள நாளில் சரிவுப் பக்கமே போக வேண்டாம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களையே மண் மூடியது.

கூடாரத்தின் தாழ்ந்த, ஒடுங்கிய பக்கம் காற்றை எதிர்கொள்ள வேண்டும். கயிறு கட்ட நிலத்தில் அறையும் முளையின் தலை கூடாரத்துக்கு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். கம்பி போன்ற மெல்லிய முளைகளை நான் விட்டுவிட்டேன். ஊறிய மண்ணில் அவை வெண்ணெயிலிருந்து ஊசி வருவதுபோல் உருவிக்கொண்டு வரும். வி வடிவ அலுமினிய முளைகள் சற்றுப் பாரமானாலும் நிற்கின்றன.

இனி என்னை ஏமாற்றிய இடம். முதலிரவு ஒரு மணியளவில் தூக்கப் பையின் கால்பகுதி சொதசொதவென்று நனைந்திருந்தது. துணி ஒழுகுகிறது என்று விற்றவரைத் திட்டினேன். விளக்கடித்துப் பார்த்தபோது ஒழுக்கு எதுவும் இல்லை. நைலோன் ஈரத்தை உறிஞ்சினால் நீளும். மாலையில் தப்புமேளம்போல் விறைப்பாக இருந்த துணி நள்ளிரவில் தொய்ந்து, பையின்மீது படுத்துக் கிடந்தது. துணியின் உட்புறத்தில் என் மூச்சுக்காற்று குளிர்ந்து படிந்த நீரே பையில் ஏறியிருந்தது. ஆகவே, மழை தொடங்கி அரை மணித்தியாலத்தில் எழுந்து கயிறுகள் அனைத்தையும் மீண்டும் இழுத்துக் கட்டுங்கள்; படுக்குமுன் இன்னொரு தடவை கோலை ஓரிரு சென்டிமீற்றர் உயர்த்துங்கள். பொலியெஸ்டர் துணி இந்தளவு தொய்வதில்லை. இன்று வாங்குவதானால் அதையே வாங்குவேன்.

இருட்டில் இழுத்துக் கட்ட, நகரும் முடிச்சு தெரிந்திருக்க வேண்டும். முளையைச் சுற்றி வந்த நுனியை, நீண்ட கயிற்றின்மீது கண்ணிக்கு உட்புறமாக மூன்று சுற்றுச் சுற்றி, வெளிப்புறமாக ஒரு சுற்றுப் போட்டு இறுக்குங்கள். கூடாரத்தோடு வரும் பிளாஸ்டிக் கொக்கிகள் மெல்லிய கயிறு நனைந்தால் வழுக்குகின்றன.

இரண்டாமிரவின் ஈரத்துக்குக் காரணம் அடியில் விரித்த பொலித்தீன். அதன் ஓரம் நான்கு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், கூரையிலிருந்து வழிந்த நீரைப் பிடித்து எனக்குக் கீழேயே கொண்டுவந்து தேக்கிவிட்டது. விரிப்பு கூடாரத் தரையைவிடச் சுற்றிவரச் சிறியதாக இருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: இம்முறைப்படி அடித்தும் உள்ளே நீர் சொட்டியதாக ஒருவர் எழுதினார். விசாரித்தபோது, அட்டைக்குப் பயந்து, மழை தடுக்கும் மேலுறையின் காற்றுவழிகளை எல்லாம் மூடிப் படுத்திருக்கிறார்; மூச்சின் ஈரம் வெளியேற வழியில்லை. அட்டையைத் தடுப்பது உள்வலையின் ஜிப். அதை முழுதாக மூடிவிட்டு, மேலுறையின் கதவைக் காற்றடிக்காத பக்கத்தில் ஒரு சாண் திறந்து வையுங்கள். காலையில் மடிக்குமுன் மேலுறையின் உட்புறத்தை உதறுங்கள்; இரவு முழுவதும் காத்திருந்த அட்டைகள் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும்.