உண்ணிக் காய்ச்சல்: ஊசி போடும் முன் செய்யும் தவறுகள்

புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்கள், மாட்டின் மடியோரம் நாலு உண்ணியைப் பார்த்து, தெர்மாமீட்டரில் 105 டிகிரியையும் பார்த்துவிட்டால் போதும், கை நேராக உண்ணிக் காய்ச்சலுக்குப் போடும் டைமினாசின் மருந்து பாட்டிலுக்குப் போய்விடுகிறது. என் கையும் ஒரு காலத்தில் அப்படித்தான் போனது. சுத்தமான ஊசி, காலாவதித் தேதி இதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

ரத்தம் எடுக்காமல் மருந்து போடுவது

இருபது நாள் முன்பு ஈன்ற ஜெர்சி கலப்பினப் பசு அது. காய்ச்சல் 106. டைமினாசின் போட்டேன், கூடவே மெலாக்சிகாமும். மறுநாள் காய்ச்சல் இறங்கியிருந்தது. மருந்து கேட்டுவிட்டது என்று நம்பினேன். இறக்கியது மெலாக்சிகாம். மூன்றாம் நாள் கண் இமையை விலக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தாளாக வெளுத்திருந்தது. தோளுக்கு முன்னால் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருந்ததை அன்றுதான் தொட்டுப் பார்த்தேன். ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சிவப்பணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாகத் தைலேரியா, உண்ணி பரப்பும் ரத்தக் கிருமி. உடனே அதற்கான மருந்தான புபர்வகோன் போட்டும் ஐந்தாம் நாள் பசு போய்விட்டது. அந்த வீட்டு அம்மா கேட்டது ஒன்றுதான்: "காய்ச்சல் இறங்குச்சே சார்?"

இன்றும் ஸ்லைடு இல்லாமல் ஊசி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. உண்ணி பரப்பும் நோய் ஒன்றல்ல. காபி நிறத்தில் கோமியம் போனால் பெரும்பாலும் பேபிசியா, சிவப்பணுக்களை உடைக்கும் ஒட்டுண்ணி. அதற்கு டைமினாசின் கேட்கும். தைலேரியா முதலில் வெள்ளையணுக்களில் பெருகி, அப்புறம்தான் சிவப்பணுக்களுக்குப் போகிறது. அதற்கு வேண்டியது புபர்வகோன், அதுவும் நோய் தொடங்கிய உடனே. அனபிளாஸ்மா ஒட்டுண்ணியே அல்ல, பாக்டீரியா வகை, ஆக்சிடெட்ராசைக்ளினுக்கு மசியும். மாற்றிப் போட்டால் இரண்டு மூன்று நாள் வீண். அந்த நாட்களில்தான் ரத்தம் வற்றுகிறது.

காது நுனியைத் துடைத்து, ஓரத்து நரம்பில் குத்தி, முதல் சொட்டையே ஸ்லைடில் மெல்லியதாக இழுங்கள். ஊசிக்கு முன் எடுக்க வேண்டும். மருந்து உள்ளே போனபின் ரத்தத்தில் கிருமியைத் தேடுவது கஷ்டம். நெறி கட்டியிருந்தால் அதிலிருந்தும் ஊசியால் உறிஞ்சி ஒரு ஸ்லைடு. ரத்தத்தில் ஒன்றும் தெரியாத ஆரம்ப நாளிலும் தைலேரியா அதில் சிக்கும்.

விலையைப் பார்த்து அளவைக் குறைப்பது

புபர்வகோன் விலை கூடுதல்தான். அதற்காக 300 கிலோ பசுவை 200 கிலோ என்று கணக்குப் போடக் கூடாது. கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்றால் 300 கிலோவுக்கு 750 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 50 மில்லிகிராம் உள்ள மருந்தில் 15 மில்லி. கழுத்துத் தசையில் ஆழமாக, ஓர் இடத்தில் 10 மில்லிக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை வேறு இடத்தில் போடுங்கள். எடை சந்தேகமாக இருந்தால் நெஞ்சுச் சுற்றளவை நாடா வைத்து அளந்துவிடுங்கள்.

இமிடோகார்பை நரம்பில் ஏற்றுவது

பேபிசியாவுக்குப் போடும் இன்னொரு மருந்து இது. நரம்பில் ஒருபோதும் வேண்டாம். தோலுக்கடியில் போட்டாலே சில மாடுகளுக்கு வாய்நீர் கொட்டும், வயிறு வலிக்கும். அதை அடக்க அட்ரோபின் கையில் இருக்கட்டும்.

ஆக்சிடெட்ராசைக்ளினை நரம்பில் அவசரமாக ஏற்றுவது

மாடு அங்கேயே சாயும். நீர்க்கக் கலந்து, மெதுவாக ஏற்றுங்கள்.

பால் விலக்கு நாட்களைச் சொல்லாமல் வருவது

மருந்து போட்டபின் எத்தனை நாள் பாலைப் பயன்படுத்தக் கூடாது என்று லேபிளைப் படித்து, வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கொட்டில் சுவரை மறப்பது

தைலேரியாவைப் பரப்பும் ஹயலோமா உண்ணி சுவர் விரிசலில் ஒளிந்து தோல் உரிக்கும். மாட்டின் மேல் மட்டும் மருந்தடித்தால் சுவரில் இருப்பது அடுத்த மாட்டில் ஏறும். நான் இப்போது டார்ச் அடித்து, தீவனத் தொட்டிக்குப் பின்னால் உள்ள விரிசல் வரை பார்த்து, அதைப் பூசச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.