பெரிய எண்ணின் காரணிகளைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீளமான முழு எண் ஒன்றை எடுத்துக்கொண்டு அது பகா எண்ணா, அதற்கு எத்தனை காரணிகள் என்று தேடத் தொடங்குகிறவர்கள், நான் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 1 பகா எண் இல்லை என்பது மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

எண்ணே மாறிப்போவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். 9007199254740993 என்ற 16 இலக்க எண்ணை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கடைசி 3 போய் அங்கே 0 உட்கார்ந்திருக்கும். 15 இலக்கத்துக்கு மேல் அது வைத்துக்கொள்வதில்லை, எச்சரிக்கையும் தராது. 64 பிட் தசம எண்ணாகச் (double) சேமிக்கும் புரோகிராமில் போட்டால் அதே எண் 9007199254740992 ஆகிவிடும். இது 2-இன் 53-ஆம் அடுக்கு. இதைத் தாண்டியதும் ஒற்றைப்படை எண்கள் அந்த முறையில் நிற்காது.

ஒன்றுதானே குறைந்தது என்று நினைக்காதீர்கள். உண்மையான எண் 3 × 107 × 28059810762433, அதற்குக் காரணிகள் 8. ஒன்று குறைந்த எண்ணுக்கோ 2-ஐ விட்டால் வேறு பகாக் காரணியே கிடையாது, மொத்தக் காரணிகள் 54. இப்படி ஒருமுறை விடை பொருந்தாமல் போனபோது, நிரலில்தான் பிழை என்று நினைத்து இரண்டு நாள் அதை வரிவரியாகத் திருத்திக்கொண்டிருந்தேன். நிரல் சரியாகத்தான் இருந்தது, அதற்குள் போன எண்தான் வேறு.

அதனால் எண்ணை எண்ணாக அல்ல, எழுத்தாக (text) வைத்து ஒட்டுங்கள். கணக்கு முடிந்ததும் பகாக் காரணிகளைத் திரும்பப் பெருக்கி, கடைசி இலக்கம் வரை ஒப்பிடுங்கள். மேலே உள்ள மூன்று பகாக் காரணிகளின் கடைசி இலக்கங்கள் 3, 7, 3. பெருக்கினால் 63, ஆக எண் 3-இல் முடிந்தாக வேண்டும். திரையில் 0 தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பைத்தான் எவ்வளவு நீள முழு எண்ணையும் தாங்கும். ஆனால் வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோடு போட்டால் தசமத்துக்குப் போய்விடும், அப்புறம் அதே கதைதான். இரட்டைச் சாய்கோடு போடுங்கள்.

மிஞ்சியதை மறப்பது

வர்க்கமூலம் வரை வகுத்துவிட்டு நிறுத்துவது சரி. ஆனால் 1-ஐவிடப் பெரிய எண் மிஞ்சினால் அதுவும் ஒரு பகாக் காரணி. 3-உம் 107-உம் போனபின் மிஞ்சும் 28059810762433-ஐ ஏறத்தாழ 53 லட்சம் வரை வகுத்தாலும் மீதியில்லாமல் எதுவும் போகாது. அதைச் சேர்க்காமல் விட்டால் 8 காரணிகள் 4 ஆகிவிடும்.

ஃபெர்மா சோதனையை மட்டும் நம்புவது

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, வேறோர் எண்ணை (அதுதான் அடிமானம்) அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அதனால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதுதான் ஃபெர்மா சோதனை. 561 என்பது 3 × 11 × 17. ஆனாலும் அதனோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை அடிமானமாகக் கொடுத்தாலும் பகா எண் போலவே தேறிவிடும். இப்படி ஏமாற்றும் எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர், இவை முடிவில்லாமல் இருக்கின்றன என்று 1994-இல் நிறுவிவிட்டார்கள். அதையே இன்னும் கடுமையாக்கிய மில்லர்-ராபின் சோதனைக்குப் போய்விடுங்கள்.

இலக்கங்களைக் கூட்டி 7-ஆல் வகுபடுமா என்று பார்ப்பது

வேலைக்கு ஆகாது. அது 3-க்கும் 9-க்கும்தான்.