அலுமினிய ஜன்னல்: ‘சதுர அடி என்ன ரேட்?’ என்று கேட்பதில் தொடங்கும் தவறுகள்

தேக்கு விலை கட்டுப்படியாகாது, இரும்பு கடலோரத்தில் தாங்காது. அதனால் வீடானாலும் கடை, அலுவலகக் கட்டடமானாலும் அலுமினிய ஜன்னல்தான் இன்னும் பல வருடங்களுக்கு ஓடப்போகிறது. பழையதை உருக்கி மறுபடி வார்க்க, தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு போதும். ஆகவே கழற்றிப் போட்ட ஜன்னலுக்கும் காசு உண்டு. சிக்கல் உலோகத்தில் இல்லை, அதை ஆர்டர் செய்யும் விதத்தில்தான்.

சதுர அடி ரேட்டை மட்டும் வைத்து இரண்டு கொட்டேஷனை ஒப்பிட முடியாது. ஃப்ரேமும் ஷட்டரும் செய்யும் உள்கூடான அலுமினியச் சட்டமான செக்‌ஷன் கிலோ கணக்கில் விற்கிறது, அதன் சுவரை மெல்லிசாக்கினால் மிச்சமாகும் காசு ஜன்னல் செய்பவருக்கு. 1 மி.மீ. சுவரில் திருகு ஏற்றினால் ஒரு முழு மரைகூடப் பிடிக்காது. திறந்து மூடும் கண்ணாடிப் பாகமான ஷட்டரை ஆறு மாதம் இழுத்து மூடினாலே லாக் ஆட ஆரம்பிக்கும். தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியால் பார்க்கும்போது பவுடர் கோட்டிங்கையும் கழித்துக்கொள்ளுங்கள்: பக்கத்துக்கு 60 முதல் 80 மைக்ரான், இரு பக்கமும் சேர்த்தால் 0.12 முதல் 0.16 மி.மீ. வெர்னியர் 1.2 காட்டினால் உள்ளே இருக்கும் உலோகம் 1.1-க்கும் குறைவுதான். கொட்டேஷனில் செக்‌ஷன் சீரிஸ், சுவர் தடிமன், கோட்டிங் மைக்ரான், கண்ணாடியின் வகையும் தடிமனும், ரோலர் தாங்கும் எடை ஆகிய ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும்.

தடிமன் ஏன் முக்கியம் என்பதைக் காற்று சொல்லும். கட்டடங்கள் மீதான காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 பகுதி 3-இன்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். உயரம், சுற்றுப்புறம் போன்ற திருத்தங்களுக்கு முன்பே அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம். இரண்டு ஷட்டர் ஸ்லைடிங் ஜன்னலில் அந்தச் சுமையில் கிட்டத்தட்டப் பாதி இரண்டு ஷட்டரும் நடுவே சேரும் சட்டமான இன்டர்லாக் மேல்தான் விழும். மெல்லிய இன்டர்லாக் வில்லாக வளையும், அந்த இடைவெளியில் மழை உள்ளே வரும்.

மழைத் தண்ணீர் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஸ்லைடிங் ஜன்னல் தண்ணீரை முழுக்கத் தடுக்காது. ஷட்டர் ஓடும் கீழ்த் தடமான டிராக்கில் வாங்கி, வெளிப்பக்கத் துளை வழியாக வெளியே விடும், அதன் வேலையே அதுதான். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் அழுத்தம் சுமார் 290 பாஸ்கல், அதாவது 3 செ.மீ. உயரத் தண்ணீருக்குச் சமம். வெளியே போக வேண்டிய தண்ணீரைக் காற்று அந்த உயரத்துக்கு டிராக்கிலேயே நிறுத்தி வைக்கும். டிராக்கின் உள்பக்க விளிம்பு 2 செ.மீ.தான் என்றால் 65 கி.மீ. காற்றிலேயே தண்ணீர் வழிந்து தரைக்கு வந்துவிடும். எத்தனை ட்யூப் சிலிகான் அடித்தாலும் அது நிற்காது, ஏனென்றால் அது ஒழுகல் அல்ல, நிரம்பி வழிதல். புயல் அடிக்கும் ஊரில் பால்கனிக்கும் மாடிக்கும் உள்விளிம்பு உயரமான செக்‌ஷனைக் கேளுங்கள்.

துளை இருந்தும் அடைபட்டுப் போவது இன்னொரு கதை. ஃப்ரேம் வைத்த பிறகு கொத்தனார் ஜன்னலின் அடியில் பதிக்கும் கிரானைட் பலகையான சில்லைத் துளையின் மட்டத்துக்கு மேலே ஏற்றிப் பதிப்பார். அல்லது சிலிகான் அடிப்பவர் கீழ் ஜாயின்ட்டை ஒரே இழுப்பாக இழுத்துத் துளைகளையும் பூசிவிடுவார். மூன்று தடம் உள்ள த்ரீ டிராக் ஜன்னலில் கொசுவலை ஓடும் உள் டிராக்கின் தண்ணீரும் வெளியே வந்தாக வேண்டும், எனவே ஒவ்வொரு தடத்திலும் துளை வேண்டும். நேருக்கு நேர் இல்லாமல் தள்ளித் தள்ளிப் போட்டால் காற்று நேராக உள்ளே வீசாது. சில் வெளிப்பக்கம் அடிக்குக் கால் அங்குலமாவது சாய வேண்டும். டிராக்கின் அடித்தட்டில் துளையிட்டுத் திருகு ஏற்றுவதும், கிரில்லை அங்கே முடுக்குவதும் வேண்டவே வேண்டாம். கடைசித் தவணைக்கு முன் டிராக்கில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் முழுக்க வெளியே இறங்க வேண்டும்.

சிலிகானிலும் வகை பார்க்க வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் மலிவான ட்யூப் சிமென்ட் பூச்சில் ஒட்டி நிற்காது, உரிந்து வந்துவிடும். நியூட்ரல் என்று எழுதியதை வாங்குங்கள். ஃப்ரேமுக்கும் சுவருக்கும் 6 முதல் 8 மி.மீ. இடைவெளி விட்டு, உள்ளே நுரைக் கயிறு திணித்து, அதன் மேல் அடிக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் சிமென்ட் வைத்து இறுக்கினால், 3 மீட்டர் நீள ஃப்ரேம் 30 டிகிரி சூடேறும்போது நீளும் 2 மி.மீ.க்கு இடம் இருக்காது.

கடலோரத்தில் கோட்டிங் பெரும்பாலும் வெட்டிய முனையிலும் திருகுத் துளையிலும்தான் தோற்கும். உப்பு அங்கே நுழைந்து, பெயின்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல அரித்துக்கொண்டு போகும். வெட்டு முனைகளை அடைக்கச் சொல்லுங்கள். இரும்புத் திருகு கூடாது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) 304, கடலுக்கு மிக அருகே 316. இரும்பு கிரில் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ரப்பரோ நைலானோ வையுங்கள், இல்லாவிட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் முதலில் கரையும்.

வெப்பம் பற்றிய விளம்பரங்களில் ‘தெர்மல் பிரேக்’ என்ற சொல் இப்போது அதிகம் அடிபடுகிறது. ஃப்ரேமின் உள்பாதியையும் வெளிப்பாதியையும் பாலிஅமைடு பட்டை பிரிக்கும், நல்ல பொருள்தான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பொருந்தும். சமவெளியில் காசு போக வேண்டிய இடம் வேறு. வெளியே 36, ஏசி அறைக்குள் 25 டிகிரி என்றால், வெப்பநிலை வித்தியாசத்தால் ஒற்றைக் கண்ணாடி வழியே வருவது சதுர மீட்டருக்குச் சுமார் 63 வாட். மேற்கு ஜன்னலில் 500 வாட் வெயில் விழுந்தால் சாதாரணக் கண்ணாடி சுமார் 400 வாட்டை உள்ளே விடும். ஆகவே முதலில் வெயிலைத் தடுக்கும் கண்ணாடி அல்லது வெளிப்பக்க மறைப்பு, பிறகுதான் ஃப்ரேம். வணிகக் கட்டடங்களுக்கான 2017 எரிசக்தி விதித்தொகுப்பும் நம் வெப்ப மண்டலங்களில் வெயிலில் 27 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடாத கண்ணாடியைக் கேட்கிறது. 15 டிகிரி அட்சரேகைக்குத் தெற்கே வடக்குப் பார்த்த ஜன்னலுக்கும் சலுகை இல்லை. தமிழ்நாடு முழுவதும் அதில் அடங்கும்.

இரட்டைக் கண்ணாடி போடுவதென்றால் செக்‌ஷன் வாங்கும் முன் முடிவெடுங்கள். 6-12-6 (6 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவே 12 மி.மீ. இடைவெளி) என்றால் மொத்தம் 24 மி.மீ., சாதாரண ஷட்டர் பள்ளத்தில் ஏறாது. சதுர மீட்டருக்கு 30 கிலோ என்பதால் இரண்டரைக்கு ஐந்தடி ஷட்டரில் கண்ணாடி மட்டுமே 35 கிலோ. சாதாரண ரோலர் சீக்கிரம் தேய்ந்து டிராக்கை அறுக்கும். சூடேற்றி வலுவாக்கிய டஃபன்டு கண்ணாடியைப் பிறகு வெட்டவும் முடியாது, துளையிடவும் முடியாது. பூச்சு முடிந்து கடைசி அளவு எடுத்த பிறகே ஆர்டர்.

இரண்டு ஷட்டர் ஸ்லைடிங் பாதிதான் திறக்கும் என்பதை வரைபடத்திலேயே கணக்கிடுங்கள். 2018-இல் வந்த, குடியிருப்புகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, சென்னை போன்ற ஈர வெப்ப ஊர்களில் திறக்கக்கூடிய பரப்பு கார்பெட் பரப்பில் (வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பில்) 16.66 சதவீதம் வேண்டும் என்கிறது. 900 சதுர அடி வீட்டுக்கு, பால்கனி போன்ற வெளியிடங்களுக்குப் போகும் கதவுகளையும் சேர்த்து, 150 சதுர அடி. படுக்கையறையில் கதவுபோல் முழுக்கத் திறக்கும் கேஸ்மென்ட் ஜன்னல் வைத்தால் அதே ஓட்டையில் இரட்டிப்புக் காற்று.

ஒட்டியிருக்கும் பாதுகாப்பு டேப்பைப் பூச்சு வேலை முடியும்வரை கழற்றாதீர்கள். ஈர சிமென்ட்டின் காரம் அலுமினியத்தை வெள்ளைத் திட்டாக்கிவிடும். முடிந்ததும் மாதக்கணக்கில் விட்டுவைக்கவும் வேண்டாம், வெயிலில் பசை இறுகினால் கத்தியால் சுரண்ட வேண்டியிருக்கும். டைல்ஸ் கழுவ ஆசிட் ஊற்றுகிறவரிடம் ஜன்னல் ஓரத்துக்கு வெறும் சோப்புத் தண்ணீர் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.