டபல் கெப் வாங்கும்போது இறக்கத்தையும் ஓட்டிப் பாருங்கள்

நுவரெலியாவிலிருந்து கண்டிக்குப் போகும் பாதையில், லபுக்கலை தாண்டி ரம்பொடைப் பக்கம் இறங்கும்போதுதான் அந்த வாடை வந்தது. ரப்பர் கருகுவது போல, ஆனால் அதைவிடக் காரமாக. ஓட்டியது என் மச்சான். வண்டி அவருடைய டபல் கெப்: முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தட்டு. பின்னால் கோயில் திருவிழாவுக்கு வாடகைக்குப் போன ஜெனரேட்டர், ட்ரெய்லரில். அடுத்த வளைவில் பெடலை மிதித்தார், பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போனது. இரண்டாம் கியருக்கு இறக்கி, கை பிரேக்கையும் இழுத்து, ஒரு தேநீர்க் கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டார். முன் சக்கரங்களிலிருந்து புகை. கடைக்கார அக்கா வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்த லொறிக்காரர் ஓடி வந்து தடுத்தார்: "ஊத்தாதீங்க தம்பி, பிரேக் தட்டு வளைஞ்சிரும். தானா ஆறட்டும்."

வண்டி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதில் பழுது எதுவும் இல்லை. வாங்கும்போது நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஓட்டிப் பார்த்தோம், ஏற்றத்தில் மட்டும். என்னமாய் இழுக்கிறது என்று மெச்சிவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். இறக்கத்தில் ஒருவரும் ஓட்டிப் பார்க்கவில்லை. மலையகத்தில் டபல் கெப் வாங்குகிறவர்களில் அநேகம் பேர் செய்யும் முதல் தவறு இதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி ஏறத்தாழ 500 மீற்றரில். வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 4 தொன் என்றால், அந்த உயரத்தை இறங்கி முடிப்பதற்குள் வெளிவரும் சக்தி 150 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். சின்னக் கியரில் இறங்கினால் எஞ்சினும் நிறையவே எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுக்க பிரேக்கில்தான் இறங்கும். பிரேக் ஒயிலோ காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 பாகைதான். கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சு. நம் குளிரிலும் மழையிலும் ஓடும் வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த ஒயிலை மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்தது, விளம்பரத் தாளில் உள்ள இழுவை எண். ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ரேஞ்சர் போன்ற வண்டிகளின் பல மொடல்களுக்கு 3,500 கிலோ என்று போட்டிருக்கும். அது தனக்கென்று பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு. பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் அதே வண்டிக்கு வழக்கமான வரம்பு 750 கிலோ மட்டும். பட்டறையில் சொல்லி அடித்து வாங்கும் ட்ரெய்லர்களில் எத்தனைக்கு பிரேக் இருக்கிறது? மச்சானுடையதில் இல்லை. ஜெனரேட்டரோடு அது ஒரு தொன்னைத் தாண்டும். 3,500 என்ற எண்ணை நம்பி நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

அதைவிட நுணுக்கமான தவறு, இழுவை எண்ணையும் பாரம் ஏற்றும் அளவையும் தனித்தனியாகப் பார்ப்பது. உதாரணத்துக்கு, வண்டியின் மொத்த எடை வரம்பு 3,000 கிலோ, வெறும் வண்டி 2,050 கிலோ என்று வைப்போம். மிச்சம் 950. ஐந்து பேர் ஏறினால் 350 போய்விடும். 1,500 கிலோ ட்ரெய்லர், கொக்கியில் தன் எடையில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 150 கிலோவை அழுத்தும். பின்னால் கூடு, முன்னால் இரும்புக் கம்பி, மேலே கேரியர் என்று இன்னொரு 100. ஆக தட்டில் ஏற்ற மீதி 350 கிலோ, 50 கிலோ உருளைக்கிழங்கு மூட்டை ஏழு. நாம் ஏற்றுவது எத்தனை என்று காய்கறித் தோட்டங்கள் உள்ள கந்தப்பளைப் பக்கம் ஒருநாள் நின்று பார்த்தால் தெரியும். பின்பக்கம் அமுங்கினால் முன் டயர் லேசாகும். அப்புறம் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகப் பார்க்கும். அதுவும் பனி மூட்டத்தில்!

எஞ்சின் பலத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இல்லாத பழைய டீசல்கள் அங்கே மூச்சு வாங்கும், டர்போ உள்ளவை பெருமளவு ஈடு செய்துவிடும். குதிரைச் சக்தியைப் பார்ப்பதை விட, குறைந்த சுழற்சியிலேயே எவ்வளவு இழுவிசை தருகிறது என்று கேளுங்கள். ஆட்டோ கியர் மலைக்கு ஆகாது என்று சொல்வதும் சரியில்லை. கையால் சின்னக் கியரில் பூட்டி வைக்க முடிய வேண்டும், கியர் ஒயிலுக்குக் குளிரூட்டி இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

விலை குறைகிறதே என்று இரு சக்கர இழுவை வண்டியை எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. பார்வைக்கு அதே உயரம், அதே டயர். ஆனால் மழை பெய்த தோட்டப் பாதையில், தட்டு காலியாக இருக்கும்போது பின் சக்கரம் சும்மா சுற்றும். ட்ரெய்லரோடு ஏற்றத்தில் அப்படி நின்றால் பின்னுக்கு வழுக்கும். லோ ரேஞ்ச், அதாவது மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு ஓட்டும் கியர், உள்ள நான்கு சக்கர இழுவையாகவே எடுங்கள். லோ ரேஞ்ச் செங்குத்தான மண் பாதையில் இறங்கவும் உதவும். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் அதைப் போட்டு ஓட்ட வேண்டாம், கியர் பெட்டி முறுக்கேறிக் கெடும்.

இனி, வண்டி எத்தனை வருடம் உழைக்கும் என்ற கேள்வி. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறந்த பிறகு, முன்பு இங்கே கண்டிராத மொடல்கள் வருகின்றன. அழகாகத்தான் இருக்கின்றன. முற்பணம் கொடுக்குமுன் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உள்ள உதிரிப்பாகக் கடைக்குப் போய், அந்த மொடலின் இன்ஜெக்டர், கிளச் செட், டர்போ என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். கடைக்காரர் யோசித்தால் நீங்களும் யோசிக்க வேண்டும்.

புகைபோக்கியில், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி (டிபிஎஃப்) உள்ள வண்டியா என்றும் கேளுங்கள். அது தன்னைத்தானே சுத்தம் செய்ய ஏறத்தாழ 600 பாகை வெப்பம் வேண்டும். தோட்டத்துக்கும் டவுனுக்கும் மூன்று கிலோமீற்றர் ஊர்ந்து ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறாது, அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டிக்குக் கந்தகம் குறைந்த சூப்பர் டீசல்தான் பொருத்தம், அந்தச் செலவையும் மாதக் கணக்கில் சேர்க்க வேண்டும். டீசல் வடிகட்டியில் தேங்கும் தண்ணீரை வடிப்பதும் அவசியம். பாவித்த வண்டி என்றால், எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்குவது டைமிங் பெல்ட்டா செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட்டைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். பழைய மிட்சுபிஷி எல்200 இல் வந்த 4டி56 எஞ்சினில் பெல்ட். மாற்றிய பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்து விலை பேசுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, இறக்கமான ஒரு பாதையில் ஐந்து கிலோமீற்றராவது போங்கள். சின்னக் கியரில் விட்டு, எஞ்சின் எவ்வளவு பிடித்து வைக்கிறது என்று கவனியுங்கள். கீழே நிறுத்தியதும் ஒருமுறை பெடலை மிதித்துப் பாருங்கள், மேலே இருந்த அதே உயரத்தில் நிற்க வேண்டும்.

மச்சான் ட்ரெய்லருக்கு ஓவர்ரன் பிரேக் போட்டுவிட்டார். வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் கொக்கியைத் தள்ளும், அந்தத் தள்ளலிலேயே அதன் பிரேக் பிடிக்கும். போன திருவிழாவுக்கு அதே ஜெனரேட்டரோடு அதே பாதையில் இறங்கினோம். தேநீர்க் கடையில் நிறுத்தியபோது, சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சூடு இருந்தது, வாடை இல்லை.